அப்பாவின் பென்ஷனும் இடது பக்க சீட்டும்

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் அம்மா அழைப்பதே இல்லை. "அப்பாவோட லொறி பெரகலைக்கு மேல மலையில மோதிருச்சாம். பதுளைக்குக் கொண்டு போறாங்களாம்" என்று மட்டும் சொன்னாள். உயிர் இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதிபரிடம் அரை வார்த்தையில் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அப்பாவுக்கு இடது தோள் எலும்பு முறிந்திருந்தது. இடது புருவத்துக்கு மேலே நீளமாகத் தைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "மல்லிக்கு எப்படி?" என்றுதான். அடுத்த கட்டிடத்தில் விசாரித்துவிட்டு வந்தேன். லொறியின் முன் சீட்டில் அப்பாவுக்கு இடது பக்கம் இருந்தவர்தான் மல்லி. அவருடைய இடது கால் கதவுக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்கிப்போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. சொன்னதும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பென்ஷனுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்கு அன்று அருவருப்பாக இருந்தது. அப்பாவை அப்படி நினைத்ததற்காகப் பிறகு வருந்தியிருக்கிறேன். ஆனால் அன்று அப்படித்தான் இருந்தது.

மாகாணத்தில் ரோடு போடும் திணைக்களம் ஒன்றில் அப்பா லொறி ட்ரைவர். கல்லும் தார் பீப்பாயும் ஏற்றிக்கொண்டு ஹப்புத்தளைக்கும் ஹல்துமுல்லைக்கும் வெலிமடைக்குமாக ஓடுவார். ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம் இருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மற்ற எல்லாரும் தேயிலைத் தோட்டத்துக்கு உழைத்தவர்கள். அவர்களுக்கு வயதானதும் சேமலாப நிதி ஒரே தடவையாகக் கைக்கு வரும். ஒரு கல்யாணம், ஒரு கூரை, ஓர் ஆஸ்பத்திரிச் செலவு, அத்தோடு அது முடிந்துவிடும். மாதாமாதம், சாகும்வரை வருகிற பணம் என்பது எங்கள் வரிசையில் அப்பாவுக்கு மட்டுமே வாய்க்க இருந்தது. 'கவுருமெண்டு ட்ரைவர்' என்றுதான் அவரைச் சொல்வார்கள். தற்காலிக ஆளாகவே பல வருடம் ஓட்டி, நிரந்தரமாக்கச் சொல்லி நடையாய் நடந்து, நடுவயதில் கிடைத்த வேலை அது.

விபத்துக்கு இரண்டு வருடம் முன்பு அப்பாவின் இடது கண்ணில் கோளாறு இருப்பது தெரிந்தது. சுவரோரமாக நடக்கும்போது தோளை இடித்துக்கொள்வார். அம்மா இடது பக்கம் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடுவார். நான்தான் பதுளையில் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப் பார்வை செத்துவிட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார் டொக்டர். நேரே பார்த்தால் எழுத்து தெரியும். பக்கத்திலிருந்து வருவதுதான் தெரியாது.

"என்ன வேலை செய்றீங்க?" என்று டொக்டர் கேட்டார்.

"தோட்டத்துல" என்றார் அப்பா.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ட்ரைவர் வேலைய எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிருவாங்க பாப்பா. கொஞ்ச வருசந்தான். ரோடு எனக்கு மனப்பாடம்" என்றார்.

அதன் பிறகுதான் மல்லி எங்கள் பேச்சில் வர ஆரம்பித்தார். ஹல்துமுல்லையில் இருக்கிற சிங்களவர், அதே திணைக்களத்தில் தற்காலிகக் கூலியாள். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அப்பா அப்படிக் கூப்பிட்டதால் எங்கள் வீட்டிலும் அவர் பெயர் அதுவாகிவிட்டது. லொறி எடுக்கிற நாளெல்லாம் அவரை இடது சீட்டில் ஏற்றிக்கொள்வார் அப்பா. வளைவு வரும்போது, "இடமிருக்கா மல்லி?" என்று கேட்பார். "இருக்கு, போங்க அய்யே" என்று அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்வார். அப்பாவை அவர் அய்யே, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். அப்பாவே இதை வீட்டில் சொல்லியிருக்கிறார். "மல்லி வந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்பார்.

விபத்தன்று காலை மல்லியை வேறோர் இடத்தில் ரோட்டோரம் தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போட்டிருந்தார்கள். அன்றைய வேலைப் பட்டியலில் லொறிக்கு நேரே அவர் பெயர் இல்லை. மலையில் பனி மூடியிருந்ததால் அப்பா போன் போட்டு அவரை வரச் சொன்னார். அவரும் கங்காணியிடம் வாயால் சொல்லிவிட்டு வந்து ஏறினார். பெரகலைக்கு மேலே ஒரு வளைவில், எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட அப்பா இடது பக்கம் ஒடித்தார். மல்லி கத்தினாராம். பாறை இருந்த இடத்தில் பனிதான் தெரிந்தது என்றார் அப்பா.

மறுநாள் வார்டுக்குப் பொலிஸ்காரர் ஒருவர் வந்தார். கட்டிலோரம் நின்று சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில், "அந்த ஆளோட பேர் லிஸ்ட்ல இல்லையே, ஏன் ஏத்தினீங்க?" என்று கேட்டார்.

அப்பா என் பக்கம் பார்க்கவில்லை. "ஹல்துமுல்லை வரைக்கும் விடச் சொல்லிக் கேட்டான். ஏத்திக்கிட்டேன்."

பொலிஸ்காரர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் அப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். கூப்பிட்டது தான்தான் என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும், கண் விஷயம் வெளியே வந்துவிடும் என்று அவர் பயந்தது எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வேலையை இடைநிறுத்திக் கடிதம் வந்தது. விசாரணை முடிந்துதான் ஓய்வூதியம் பற்றி முடிவெடுப்போம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அப்பா சிங்களம் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. "திரும்ப வாசி" என்பார். வாசிப்பேன். "முடிவெடுப்போம்னா குடுக்க மாட்டோம்னா?" என்பார். "அப்படி இல்லப்பா." "அப்ப குடுப்போம்னா?" கடிதத்தை மடித்து உறையில் வைப்பேன்.

ஒரு கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு காலையில் ரோட்டுக்கு இறங்குவார். பத்து நிமிடத்தில் திரும்பி வருவார். மறுபடி போவார். கோழிக்கூட்டுக் கதவைத் திருத்துகிறேன் என்று ஆணியெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு அப்படியே எழுந்து போனார். கோழிகள் இரண்டு நாள் அடுத்த வீட்டுத் தோட்டத்தில் திரிந்தன. கீழே ரோட்டில் லொறி ஏறும் சத்தம் கேட்டால் சாப்பாட்டில் கை நின்றுவிடும். "செகண்டுக்குப் போடணும். ஏன் இழுக்குறான்?" என்று தனக்குத்தானே சொல்வார். அம்மா ஏதாவது சொன்னால் அவள்மேல் பாய்வார். "ஒனக்கு என்ன, தோட்டக் காசு வாங்கி முடிச்சுட்ட" என்று ஒரு நாள் சொன்னார். அந்தக் காசில்தான் எங்கள் வீட்டுக்குக் கூரை போட்டிருந்தது. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன காலத்தில் தேய்ந்துபோன தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மல்லியைப் பார்க்கப் போவோமா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். "தோள் ஆறட்டும்" என்றார். தோள் ஆறிய பிறகு, "மழை விடட்டும்" என்றார்.

குற்றப் பத்திரம் வந்தபோது அதில் முதல் குற்றம் கவனயீனம். இரண்டாவது, அனுமதியில்லாத ஆளை அரச வாகனத்தில் ஏற்றியது. பொலிஸ்காரரிடம் சொன்ன வார்த்தை அப்பாவின் கழுத்துக்கே வந்திருந்தது. பதறிப்போய் என்னையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போனார். அலுவலகத்தில் ஒரு கிளார்க், நல்ல மனிதர்தான், அப்பாவின் நெற்றித் தழும்பைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் ஒரு யோசனை சொன்னார். "கண்ணுல பார்வை குறைஞ்சிருக்கா? இந்த அடியாலதான் குறைஞ்சதுன்னு மெடிக்கல் போர்ட்ல எழுதினா, வேலையில பட்ட காயம்னு ஆகும். அப்ப பென்ஷனுக்குப் பயமில்ல."

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா வேறு ஆளாக இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதேதோ பேசினார். கண்டக்டரோடு சிரித்தார். இறங்கி நடக்கும்போது கேட்டார். "அந்தக் கிளினிக் கார்டு எங்க?"

"பீரோவுல."

"அதக் கிழிச்சிரு."

நான் அதைக் கிழிக்கவில்லை. கார்டை எடுத்து என் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு வாரமும் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்தப் பையின் மேலேயே கண் போகும். பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தால் ஒரே பக்கத்தை மூன்று தடவை பார்ப்பேன். அந்தக் கார்டைக் கிழித்தால் அப்பாவின் பென்ஷன் தப்பும். கிழிக்காவிட்டால் அப்பாவுக்குத் துரோகம் செய்தவளாவேன். மல்லியின் கால் இந்த இரண்டிலும் எங்கும் வரவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மல்லியின் மனைவி வந்தார். ஹல்துமுல்லையிலிருந்து பஸ் மாறி வந்து, லயத்தில் விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மா கதவருகே நின்றுகொண்டாள். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னார்.

"நட்டஈடு கேட்டுப் போனோம். லிப்ட் கேட்டுப் போன ஆளுக்கு நட்டஈடு இல்லைன்னுட்டாங்க. வேலைக்குத்தான் கூப்பிட்டீங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் வரச் சொன்னானா?"

"இல்ல. நான்தான் வந்தேன். அவர் போக வேணாம்னு சொன்னார்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க கண்ணைப் பத்தி யார்கிட்டயும் அவர் பேசல. நானும் பேச மாட்டேன். அது உங்க விஷயம்" என்றார்.

அவர் போன பிறகு அப்பா எழுந்து ரோட்டுக்குப் போனார். இந்தத் தடவை பத்து நிமிடத்தில் வரவில்லை. இருட்டும் முன் அம்மா என்னைத் தேடி அனுப்பினாள். பஸ் நிற்கிற இடத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு லீவு போட முடியுமா?" என்று கேட்டார். போடுகிறேன் என்றேன்.

பெரகலைச் சந்தியில் பஸ் மாற வேண்டும். கொழும்புப் பக்கம் போகிற கனரக லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ரோட்டைக் கடக்கும்போது நான் அப்பாவின் இடது பக்கத்துக்கு மாறிக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். முகம் சுருங்கியது. ஆனால் என்னைத் தள்ளவில்லை.

மல்லியின் வீடு ஒரு கடைக்குப் பின்னால் இருந்தது. பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். காற்சட்டையின் ஒரு கால் மடித்துக் குத்தப்பட்டிருந்தது. என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். ஒரு பெரிய மனிதரைக் கற்பனை செய்து வைத்திருந்த எனக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

அப்பா உட்காரவில்லை. "நான் பொய் சொல்லிட்டேன் மல்லி."

"தெரியும். பொலிஸ்ல வாசிச்சுக் காட்டினாங்க."

"அப்ப நீ ஏன் என் கண்ணப் பத்திச் சொல்லல?"

"சொல்லி? உங்களுக்கும் இல்லாம போயிருக்கும். எனக்கென்ன கால் முளைக்கவா போகுது?" அவர் குரல் அதுவரை சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு மாறியது. "ஆனா அய்யே, நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில ஒரே வளவுக்குள்ள இருந்தோம். நீங்க நடந்து போறத ஜன்னல் வழியா பார்த்தேன். ஒரு தடவை கூட இந்தப் பக்கம் திரும்பல."

அப்பா தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மல்லி அவரைத் தேற்றவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அப்பா அதில் உட்கார்ந்தார். விசாரணையில் உண்மையைச் சொல்லப்போவதாக அப்பா சொன்னார், மல்லி தலையை ஆட்டினார். அவ்வளவுதான். தேத்தண்ணி வரவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

பஸ்ஸில் அப்பா, "கார்டு இருக்கா?" என்று கேட்டார்.

"பையில இருக்கு."

"அன்னைக்கே நீ கிழிச்சிருப்பன்னு நினைச்சேன்" என்றார். என்னைக் கோபித்துக்கொள்கிறாரா, இல்லையா என்று புரியவில்லை.

விசாரணை பதுளையில் நடந்தது. அப்பாவுக்குத் துணையாக நான் உள்ளே இருக்க அனுமதித்தார்கள். விசாரித்தவர் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஓர் அம்மா. எதையும் அவசரமில்லாமல் தன் கையாலேயே எழுதினார். அப்பா கிளினிக் கார்டை மேசையில் வைத்தார். கண் எப்போதிலிருந்து தெரியவில்லை, மல்லியை ஏன் முன்னால் ஏற்றினார், அன்று காலை எந்த நேரத்தில் போன் போட்டார், பொலிஸிடம் என்ன பொய் சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் இரண்டு தடவை அந்த அம்மா பேனையை நிறுத்தினார்.

"நீங்க சொல்றது உங்களுக்கு எதிரா போகும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"இந்தக் கண் விஷயம் வேற யாருக்குத் தெரியும்?"

அப்பா மல்லியின் பெயரைச் சொன்னார். அத்தோடு நிறுத்திக்கொண்டார். நானும் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள். எனக்கும் ஒரு பென்ஷன் காத்திருக்கிறது. அப்பாவுக்கு இருந்த பயம் எப்படிப்பட்டது என்று அந்த ஒரு நிமிடத்தில்தான் முழுதாகப் புரிந்தது.

"எனக்குத் தெரியும்" என்றேன். "நான்தான் டொக்டர்கிட்ட கூட்டிப் போனேன். ட்ரைவர்னு நானும் சொல்லல."

அந்த அம்மா அதையும் எழுதினார்.

முடிவு வர மாதக்கணக்கில் ஆனது. அதற்குள் அப்பாவின் ஓய்வு நாள் வந்து போனது. மாலையும் இல்லை, பிரியாவிடையும் இல்லை. அன்று அவர் காலையிலிருந்து படுத்தே கிடந்தார். பொலிஸ் வழக்கு தனியாக நடந்து, தண்டமும் லைசன்ஸ் ரத்துமாக முடிந்தது. லைசன்ஸ் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தபால்காரரை மட்டும் தினமும் மறித்து நிறுத்துவார். தபால்காரர் எங்கள் பாதையைத் தவிர்த்து மேல் லயம் வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

கடைசியில் வந்த கடிதத்தில், வேலை நீக்கம் செய்ய வேண்டிய குற்றம்தான் என்றாலும், நீண்ட சேவையையும் தானாக முன்வந்து உண்மை சொன்னதையும் கருதி, இரக்கத்தின் பேரில் ஓய்வில் அனுப்புவதாக எழுதியிருந்தது. ஓய்வூதியத்தில் ஒரு பங்கு வெட்டப்படும். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "இரக்கமா?" என்றார். அந்தச் சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார் என்று அம்மா சொன்னாள்.

மல்லிக்கு நட்டஈடு கிடைக்க இன்னும் காலம் பிடித்தது. அப்பா இரண்டு தடவை போய்ச் சாட்சி சொன்னார். கிடைத்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. தற்காலிக ஆளுக்குக் கொடுக்க அவர்களிடம் அப்படி ஒரு சட்டம் இல்லையாம். இப்போது ஹல்துமுல்லையில் ரோட்டோரம் ஒரு மரக்கறிக் கடை வைத்திருக்கிறார், வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கும் லீக்ஸும் வருகின்றன. அந்தப் பக்கம் போகிற நாட்களில் நான் அங்கே வாங்குவேன். "அய்யே எப்படி?" என்று கேட்பார். நல்லாயிருக்கிறார் என்பேன். வாங்கிய சாமானுக்கு மேலே நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அப்பா அங்கே போவதில்லை. போனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்று ஒரு தடவை சொன்னார்.

அப்பாவின் பதற்றம் முழுவதும் போய்விடவில்லை. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கொரு முறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். படிவம் வந்த அன்றே கிராம சேவகரின் வாசலில் போய் நிற்பார். இந்த வருடம் கிராம சேவகர், "இன்னும் ரெண்டு வாரம் இருக்குங்க. அதுக்குள்ள செத்துற மாட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அப்பா சிரிக்கவில்லை. கையெழுத்து படிவத்தில் சரியான கோட்டில் விழுந்திருக்கிறதா என்று வலது கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அதை மேசையில் வைத்தபோது அம்மா கேட்டாள், "ஏங்க, ஒங்களுக்குப் பெறகு எனக்கும் இது வருமா?"

"வரும். விதவை பென்ஷன்னு தனியா இருக்கு. அத வெட்டல."

அம்மா படிவத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். "அது மெதுவா வரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.